பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு

1

எங்கள் தெருவுக்குள் மைக் கட்டிய ஆட்டோ வருவதற்கென்று சில நாட்கள் உண்டு. பிள்ளையார் சிலைகளைக் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் கரைக்கக் கொண்டுபோகிற வாரம், பெரிய தலைவர் யாராவது வருகிற நாள், தேர்தல். ஆட்டோ மெல்ல ஊர்ந்து வரும். 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பிக்கும். எந்தச் சாலை அடைப்பு, எந்த வண்டி எங்கே திரும்பவேண்டும், எதைக் கொண்டுவரக் கூடாது என்று சுத்தமான எழுத்துத் தமிழில் சொல்லிவிட்டுப் போகும். ஒருமுறை வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே கேட்டாள்:

"இன்னாடா சொல்றான்?"

"ரோடு மாத்தி வுட்றாங்களாம்மா."

"யாருக்கு?"

"பொதுமக்களுக்கு."

"அப்ப நமக்கில்ல. நமக்குன்னா வூட்டாண்ட வந்து டேய்னு கூப்ட்டு சொல்லுவான்."

எம்.ஏ. தமிழில் எழுவாய், பயனிலை, விளிவேற்றுமை எல்லாம் படித்தவன் நான். ஆனால் ஓர் அறிவிப்பு யாரை நோக்கிப் பேசுகிறது என்ற கேள்வியை அம்மா கேட்ட நேர்த்தியில் நான் கேட்டுக்கொண்டதில்லை. பெரிய நகர நிகழ்வுகளின்போது காவல்துறை மக்களுக்குத் தகவல் தெரிவிப்பது என்பதை நாம் நிர்வாக விஷயமாக, போக்குவரத்து விஷயமாக மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். அது ஒரு பிரதி. அதற்கென்று ஒரு இலக்கணம் இருக்கிறது. அந்த இலக்கணத்தைப் புளியந்தோப்பில் உட்கார்ந்து வாசித்தால் என்ன தெரிகிறது என்று சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரை.

அல்தூசரின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் வரும் தெருக் காட்சி நம்மில் பலருக்குத் தெரியும். போலீஸ்காரர் பின்னாலிருந்து 'ஏய்' என்று கூப்பிடுகிறார். நடந்துபோகிறவன் திரும்புகிறான். திரும்பிய அந்தக் கணத்திலேயே அவன் அதிகாரத்தின் முன் ஒரு தன்னிலை ஆகிறான். கருத்துநிலை மனிதர்களை விளித்தே தன்னிலைகளாக்குகிறது என்பது அல்தூசர் சொல்லவந்தது. ஆனால் நம்மூர்த் தெருவில் விளி ஒன்றல்ல, இரண்டு. மைக்கில் 'பொதுமக்களே', முனையில் 'டேய்'. இரண்டும் ஒரே துறையின் வாயிலிருந்துதான் வருகின்றன. முதல் விளிக்குத் திரும்புகிறவனுக்குத் தகவல் கிடைக்கிறது. இரண்டாவது விளிக்குத் திரும்புகிறவன் தகவல் கொடுக்கவேண்டியிருக்கிறது: பேர் என்ன, அப்பன் பேர் என்ன, எங்கே போறே. தகவல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை வைத்தே யார் பொதுமக்கள், யார் இல்லை என்று சொல்லிவிடலாம்.

2

நகரத்தின் பெருநிகழ்வை அறிவிப்பது தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் முதல் காதையே விழாவறை காதைதான். புகாரில் இந்திர விழா நடக்கப்போகிறது. முரசறையும் பழங்குடியில் பிறந்தவன் யானையின் பிடரியில் முரசை ஏற்றிக்கொண்டு வந்து அறிவிக்கிறான். தெருக்களில் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்புங்கள், கொடிகளை ஏற்றுங்கள், சமயவாதிகளே பட்டிமண்டபம் ஏறி வாதிடுங்கள், பகைவரோடும் கோபமும் சண்டையும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்கிறான். விழா நடக்கும் 28 நாளுக்கும் இது பொருந்தும்.

இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். அந்த அறிவிப்பு கேட்கிறவனை விழாவில் பங்கெடுக்கிறவனாகப் பார்க்கிறது. அவனுக்கு ஒரு வேலை கொடுக்கிறது. மாற்றுச் சமயத்தானுக்கு வாதிட மேடை இருக்கிறது என்றும் சொல்கிறது. இதை வைத்துப் பொற்காலம் பாட எனக்கு ஆசையில்லை. முரசறைந்தவன் பேசியது அவன் பேச்சல்ல, அரசனின் பேச்சு. முரசும் பறையும் அடித்து அறிவிக்கிற வேலை பிற்காலத்தில் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட ஊழியமாகித் தண்டோரா என்ற பெயரில் நம் காலம்வரை நீண்டது. 2022 ஆகஸ்டில்தான் தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி அதை நிறுத்தச் சொன்னார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்றார். நல்ல காரியம். ஆனால் குரல்தான் மாறியது. பேசுகிறவனும் கேட்கிறவனும் நிற்கிற இடம் மாறவில்லை.

'பொது' என்ற சொல்லையும் நாம் சந்தேகத்தோடுதான் தொடவேண்டும். பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் பொது என்று 1924இல் சென்னைச் சட்டமன்றம் தனியாகத் தீர்மானம் போடவேண்டியிருந்தது. பெயரில் பொது என்று இருந்தது போதவில்லை. 'பொதுமக்கள்' என்ற சொல்லும் அப்படித்தான். உள்ளே யார், வெளியே யார் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. அறிவிப்பின் இலக்கணம்தான் சொல்கிறது.

3

அந்த இலக்கணம் மூன்று வகை. முதல் வகை, வழி சொல்லும் அறிவிப்பு. 'போக்குவரத்து மாற்றம்' என்ற தலைப்பில் நாளிதழில் வருவது. இதன் வாக்கியங்களை எடுத்துப் பாருங்கள். 'இந்தச் சாலையிலிருந்து வரும் வாகனங்கள் அனுமதிக்கப்படாது', 'அந்தச் சந்திப்பில் திருப்பிவிடப்படும்'. எழுவாய் வாகனம். மனிதன் வாகனத்துக்குள் இருந்தால்தான் வாக்கியத்துக்குள் வருகிறான். நடந்துபோகிறவனுக்கு இந்த இலக்கணத்தில் எழுவாய் ஆகிற யோகமில்லை.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப் படையின் 92ஆம் ஆண்டை ஒட்டி மெரினாவில் வான் சாகசக் காட்சி. காலை 11 முதல் மதியம் 1 மணிவரை. சுமார் 15 லட்சம் பேர் கூடியதாகச் சொல்லப்பட்டது. வெயிலில் மயங்கி விழுந்து நூற்றுக்கணக்கானவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள். 5 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் வடசென்னைக்காரர்களும் உண்டு. குடை, தண்ணீர், தொப்பி கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டிருந்தது என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். அதாவது தகவல் தெரிவிக்கப்பட்டிருந்தது.

அந்த நாளில் வடசென்னையிலிருந்து ரயிலில் கடற்கரைக்குப் போவது எப்படி என்று யோசியுங்கள். நாலாவது ரயில் பாதை வேலைக்காகக் கடற்கரை நிலையத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் 2023 ஆகஸ்டிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. திரும்ப ஓட ஆரம்பித்தது 2024 அக்டோபர் 29. காட்சி நடந்து மூன்று வாரம் கழித்து. ஆகவே திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து ரயிலேறி வந்தவனுக்குத் தொடர் வண்டி கிடையாது. அவன் பஸ் பிடிக்கவேண்டும், அல்லது நடக்கவேண்டும். சாலைகளை அடைத்தபிறகு பஸ்ஸும் தொலைவிலேயே நின்றுவிடும். மிச்சம் நடைதான். திரும்பும்போது, மதிய வெயிலில், லட்சக்கணக்கானவர்களோடு சேர்ந்து, கையில் பிள்ளையோடு அதே நடை.

சாவுக்குக் காரணம் அறிவிப்புக் குறைவு என்று நான் சொல்லவில்லை. உச்சி வெயில் நேரத்தைத் தேர்ந்ததில் தொடங்கி எவ்வளவோ இருக்கிறது. நான் சொல்வது, கார் எங்கே நிறுத்தலாம் என்பதை வரைபடம் போட்டுச் சொல்லத் தெரிந்த ஓர் ஏற்பாட்டுக்கு, நடக்கிறவன் எத்தனை கிலோமீட்டர் நடக்கவேண்டிவரும், வழியில் தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, எந்த ஸ்டேஷனுக்குப் போனால் நெரிசல் குறைவு, எப்போது கிளம்பினால் நல்லது என்பதெல்லாம் அதே அளவுக்குத் தகவலாகத் தோன்றுவதில்லை. வந்த கூட்டத்தில் பெரும்பங்கு நடந்து வந்தவர்கள். அறிவிப்பின் எழுவாயோ வாகனம்.

தகவல் சரியாக இருந்தும் தோற்பதுண்டு. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் அணியின் வெற்றிக் கொண்டாட்டம். ஊர்வலம் கிடையாது என்று நண்பகலை ஒட்டிப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. மூன்று மணி வாக்கில் அணியின் தரப்பு ஊர்வலம் உண்டு என்று அறிவித்தது. மைதான வாசல்களில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். ஒன்றையொன்று மறுக்கிற இரண்டு தகவல்களில் ஜனம் தனக்குப் பிடித்ததை நம்பும். அதற்காக ஜனத்தைக் குறை சொல்ல முடியாது. 'கிடையாது' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் கோளாறு. தகவல் தெரிவிப்பது நாள் முழுக்கச் செய்கிற வேலை.

4

இரண்டாவது வகை, கலைந்துபோகச் சொல்லும் அறிவிப்பு. இதன் இலக்கணம் முன்னிலை ஏவல்: 'கலைந்து செல்லுங்கள்'. இது வெறும் மரியாதை அல்ல, சட்டம் எதிர்பார்க்கிற வார்த்தை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148. சட்டவிரோதக் கூட்டம் என்று கருதப்படுவதை முதலில் கலையும்படி கட்டளையிடவேண்டும். கலையாவிட்டால், அல்லது கலையப்போவதில்லை என்பது அதன் நடத்தையில் தெரிந்தால்தான் பலப்பிரயோகம். ஆகவே இங்கே தகவல்தான் கூட்டத்துக்கும் லத்திக்கும் நடுவில் நிற்கிற ஒரே சுவர்.

இந்த வழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1715இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி 12 பேரோ அதற்கு மேலோ கூடி அமளி செய்தால் மாஜிஸ்திரேட் ஒரு வாசகத்தை உரக்கப் படிக்கவேண்டும். படித்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நின்றால் குற்றம். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் பீட்டர் மைதானத்தில் வாக்குரிமை கேட்டு சுமார் 60,000 பேர் கூடினார்கள். குதிரைப் படை புகுந்து வெட்டியது. பீட்டர்லூ என்று சரித்திரம் அதை அழைக்கிறது. வாசகத்தைப் படித்தோம் என்றார்கள் மாஜிஸ்திரேட்டுகள். காதில் விழவே இல்லை என்றது கூட்டம். அறுபதாயிரம் பேருக்கு ஒரு மனிதத் தொண்டை எட்டாது என்பது யாருக்கும் தெரியும். ஆனால் சட்டத்துக்குத் தேவைப்பட்டது படித்தல்தான், கேட்டல் அல்ல.

நம்மிடம் ஒலிபெருக்கி இருக்கிறது. படிக்காமல் போவதும் இருக்கிறது. 2018 மே 22 தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தை ஒட்டிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. உரிய எச்சரிக்கைகள் இல்லாமல், ஓடியவர்கள்மீது சுடப்பட்டது என்று அது சொன்னது. சூட்டுக்கு மறுநாள் அரசு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்தது. முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. பிறகு யாரும் சொல்லிக்கொள்ளவும் முடியாமல் செய்தார்கள். தகவல் தராமல் இருப்பதும் தகவலை அறுப்பதும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

5

மூன்றாவது வகை, நடந்தபிறகு வருகிற விளக்கம். இதன் இலக்கணம் செயப்பாட்டு வினை. 'நிலைமை கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது', 'குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது'. செய்தவன் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. ஆனால் இதே விளக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் எழுவாய் பளிச்சென்று வரும்: 'சமூக விரோதிகள்'.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் ஒரு வாரம் கூடியிருந்தவர்களை எல்லோரும் கொண்டாடினார்கள். மாணவர்கள், இளைஞர்கள், பொதுமக்கள். ஜனவரி 23 காலையில் போலீஸ் ஒலிபெருக்கியில் பேசியது: அவசரச் சட்டம் வந்துவிட்டது, போராட்டம் வென்றுவிட்டது, கலைந்துபோங்கள். வெளியேற்றம் தொடங்கியது. மத்தியானத்துக்குள் ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ. நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. கூட்டத்தில் சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்றது அதிகாரபூர்வ விளக்கம். சீருடையில் இருந்தவர்கள் வண்டிகளுக்கும் குடிசைக்கும் தீ வைப்பதுபோன்ற காட்சிகள் கைபேசிகளில் சுற்றின. விசாரணை ஆணையம் அமைந்தது. முந்தின நாள்வரை பொதுமக்களாக இருந்தவர்கள் ஒரே பகலில் எப்படி வேறு பெயருக்கு மாறினார்கள்? தப்பி ஓடியவர்களுக்குக் குப்பத்து மக்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். மாணவன் குப்பத்துக்குள் நுழைந்ததும் சொல் மாறிவிட்டது. சொல் ஆளுக்கு ஒட்டவில்லை, இடத்துக்கு ஒட்டுகிறது.

புளியந்தோப்புக்கு இது நூறு வருஷப் பழக்கம். 1921இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். மோதல் புளியந்தோப்புச் சேரிகளுக்குள் வந்தது, குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று பெரம்பூர்ப் பகுதியில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அக்டோபர் 12 அன்று சட்டசபையில் உள்துறைப் பொறுப்பிலிருந்த லயனல் டேவிட்சன் தந்த விளக்கத்தின் சாரம், இது இனி வெறும் தொழில் தகராறு அல்ல, சாதி வெறுப்பு மூட்டிவிட்ட கோஷ்டிச் சண்டை என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. சாதி இருந்தது. அதை மறைத்துத் தொழிலாளர் ஒற்றுமைக் கதை மட்டும் சொன்ன நம் தோழர்களும் தப்புச் செய்தார்கள். அந்தக் கலவரத்தை ஒட்டித்தான் எம்.சி. ராஜாவுக்கும் நீதிக்கட்சிக்கும் விரிசல் கண்டது. ஆனால் அரசு விளக்கத்தில் கூலியும் கதவடைப்பும் துப்பாக்கியும் பின்னுக்குப் போய்விட்டன. மிஞ்சியது புளியந்தோப்பு என்றால் சண்டை என்ற பொதுப்புத்தி. மில் 1990களில் மூடப்பட்டுவிட்டது. அந்தப் பெயர் மூடப்படவில்லை.

விளக்கம் என்பது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவைப் பார்க்கலாம். 1989 ஏப்ரல் 15 கால்பந்து மைதான நெரிசல். 97 உயிர்கள். ரசிகர்களே வாசலை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள் என்று அன்றே போலீஸ் சொன்னது. வாசலைத் திறக்கச் சொன்னதே போலீஸ் அதிகாரிதான். செத்தவர்கள்மேல் பழியில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி சொல்ல 2016 ஆயிற்று. முதல் மணி நேரத்தில் தந்த ஒரு தகவலைத் திருத்தக் குடும்பங்களுக்கு 27 வருஷம்.

6

இனி அம்மா சொன்ன 'டேய்'க்கு வருகிறேன்.

பெரிய நிகழ்வுக்கு முன்பு எங்கள் பக்கத்தில் மைக் ஆட்டோவைவிட முக்கியமான தகவல் பரிமாற்றம் ராத்திரியில் நடக்கும். 'முன்னெச்சரிக்கை நடவடிக்கை' என்று பேப்பரில் ஒரு வரி வரும். நன்னடத்தைப் பிணை, ரவுடிப் பட்டியல், குற்றம் நடக்காமல் தடுக்கக் கைது. சட்டத்தில் எல்லாவற்றுக்கும் பிரிவு இருக்கிறது. நகரத்தின் மற்ற பாகங்களுக்கு அந்த ஒரு வரி ஒரு தகவல்: பயப்படாதீர்கள், பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு வரிக்குள் இருப்பவன் எங்கள் தெருப் பையன்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. அவளுடைய பையனை இப்படி ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. விடிய விடிய மூன்று ஸ்டேஷன் அலைந்தாள். மூன்றிலும் 'இங்க இல்ல, அங்க போய்ப் பாரு'. மறுநாள் சாயங்காலம் பையன் தானாக வந்தான். "ஒண்ணும் பண்ல எக்கா, சும்மா உக்கார வெச்சாங்க" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னான். ஒன்றும் பண்ணவில்லைதான். ஆனால் அந்த ஒரு ராத்திரி அவளுக்கு நகரத்தில் நடந்த எந்த விழாவைவிடவும் பெரிய நிகழ்வு. அவளுக்குத்தான் ஒரு தகவலும் இல்லை.

இப்படி மேல்நோக்கி மட்டும் தகவல் எடுக்கிற அமைப்புக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கீழிருந்து தானாக வருகிற தகவல் அதன் காதில் விழாது. 2022 அக்டோபர் 29, தென்கொரியாவின் சியோல் நகரில் இதேவான் பகுதி. குறுகிய சந்தில் நெரிசல், 159 சாவு. நெரிசல் உச்சத்துக்குப் போனது இரவு பத்தே கால் வாக்கில். ஆபத்து என்று போலீஸுக்கு முதல் அழைப்பு வந்தது மாலை 6.34க்கு. அதிலிருந்து மொத்தம் 11 அழைப்புகள். அங்கே ஜனம்தான் போலீஸுக்குத் தகவல் தெரிவித்துக்கொண்டிருந்தது, நாலு மணி நேரமாக. சந்தின் அகலம் அங்கே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப் பாதையில் எப்போது தண்ணீர் நிற்கும், ஊர்வலம் வந்தால் எந்த முனையில் முட்டும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். இந்த அறிவைக் கேட்டு வாங்கிக்கொள்ள இலக்கணத்தில் இடமில்லை. 'டேய்' என்று கூப்பிடப்பட்டவனிடம் யோசனை கேட்பது வழக்கமில்லை.

7

என்ன செய்யலாம்? நம் பத்திரிகைகளில் இந்த இடத்தில் கட்டுரை முடிந்துவிடுவது வழக்கம். எனக்கு இரண்டு மூன்று காரியங்கள் தோன்றுகின்றன.

கைதானவரைப் பற்றி உறவினருக்குத் தெரிவிக்கவேண்டும், கட்டுப்பாட்டு அறைப் பலகையில் எழுதவேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பரில். இன்று சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இதற்கென ஓர் அதிகாரி இருக்கவேண்டும், கைதானவர்களின் பெயர், முகவரி, குற்ற வகை பார்வைக்கு வைக்கப்படவேண்டும் என்கிறது. பலகையில் பெயர் எழுதுவதில் ஆபத்தும் உண்டு. தீர்ப்புக்கு முன்பே பையனை ஊரறிந்த குற்றவாளி ஆக்கிவிடலாம். ஆகவே உறவினருக்கு நேரில், உடனே சொல்வதை முதல் கோரிக்கையாக வைக்கவேண்டும். ஆனால் இருக்கிற சட்டத்தையே பெருநிகழ்வு நாட்களில் ஒவ்வொரு நிலையத்திலும் போய்க் கேட்கிற வேலையை நாம் செய்ததில்லை. வக்கீல் தோழர்கள் ஒரு நாள் ராத்திரி மூன்று ஸ்டேஷன் ஏறி இறங்கினால் அந்த அக்கா அலைந்த தூரம் என்ன என்று தெரியும்.

இரண்டாவது, நடப்பவர்களுக்கான அறிவிப்பை நாமே எழுதிப் பார்க்கலாம். எழுத்தாளர்கள் இருக்கிறோமே! ஒரு நிகழ்ச்சி வருகிறது என்றால் எங்கே இறங்கி எவ்வளவு நடக்கவேண்டும், தண்ணீர், கக்கூஸ், பிள்ளை தொலைந்தால் யாரிடம் போவது, எப்படித் திரும்புவது என்று பேசுகிற தமிழில் ஒரு பக்கம். அதைக் காவல்துறையிடம் கொடுத்து, இதையும் மைக்கில் சொல்லுங்கள் என்று கேட்கலாம். சொல்ல மறுத்தால் ஏன் என்று கேட்கலாம்.

மூன்றாவது, நம் எழுத்தில் 'சமூக விரோதிகள்' என்ற சொல்லை போலீஸ் அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவதை நிறுத்தவேண்டும். யார் செய்தார்கள் என்று தெரிந்தால் எழுதுவோம். தெரியாவிட்டால் செயப்பாட்டு வினைக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்போம்.

இதை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மணிமேகலை வருகிற இடத்தில் கொஞ்சம் தூங்கினாள். கடைசியில் கேட்டாள்: "அந்த அக்கா பேரு போட்டியா?"

"இல்லம்மா."

"நல்ல வேல செஞ்ச. ஆட்டோ வந்தா நிறுத்தி அத்தையும் சொல்லு, புள்ளய எங்க வெச்சிருக்கோம்னு மொதல்ல சொல்லச் சொல்லு. அப்பறம் ரோட்ட அடைக்கட்டும்."